நிறுத்தம் கேட்ட வைரக்கண்ணு

ஒரு விடுகதை போடுறேன், விடை சொல்லுங்க பாக்கலாம். நிக்கிறதுக்குன்னே ஒரு எடம். அதக் கேட்டு வாங்குனது நானு. அதுக்கு மொத ஆளா காசு குடுத்தது நானு. இந்த ஊரே அங்க நிக்கலாம், நான் மட்டும் நிக்கக் கூடாது. அது என்ன?

தெரியலையா? பாப்பா, நீ சொல்லு… கோயிலா? இல்ல… பள்ளிக்கூடமா? ஹஹ்ஹா! பள்ளிக்கூடத்துல நான் நின்னுருக்கேன் பாப்பா, பெஞ்சு மேலயே ஏறி நின்னுருக்கேன். அதுவும் இல்ல. அந்தா, எதிர்ல பாரு. வாழமரம் கட்டி, கலர் பேப்பர் தோரணம் போட்டு, நீலத் தகரம் மினுமினுன்னு தெரியுதுல்ல? அதான் விடை. மேலத்தோப்பு முக்கு பஸ் ஸ்டாப்பு. நெத்தியில பெருசா எழுதிருக்காங்க பாரு, 'பேருந்து நிறுத்தம்'னு. அந்த 'நிறுத்தம்'ங்கற வார்த்தைய மொதமொதல்ல வாயத் தொறந்து சொன்ன ஆளு, உங்க முன்னாடி ஹேண்டில புடிச்சுக்கிட்டு ஒக்காந்துருக்கேன்.

எறங்காதீங்க தங்கச்சி, எறங்காதீங்க. இப்ப ரோட்டத் தொறந்துருவாங்க. பந்தலப் போட்டு ரோட்டயே அடச்சிட்டாங்க, என்ன பண்றது? சேர்மன் அம்மா வந்து கொடி அசச்சு, அந்த மினி பஸ்ஸு கெளம்புனதும் நம்ம வண்டிய உருட்டிக்கிட்டு போயிட்டே இருக்கலாம். மேலக்கர நகர்ல பாப்பாவோட சாச்சி, அதான் சித்தி, அவங்க வீடுதான? கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள கொண்டுபோயி விட்டுருவேன்.

வேற பக்கமா? இருக்கு, வாய்க்கா கரை ரோடு இருக்கு. ஆனா அங்க நெடுக உளுந்து காயுது. செடியோட புடுங்கியாந்து ரோட்டுல பரப்பி விட்டுட்டாங்க. வர்ற வண்டி போற வண்டியெல்லாம் அது மேல ஏறி எறங்குனா, அவங்களுக்கு அடிக்கிற கூலி மிச்சம். நம்ம மூணு சக்கரம் அதுல ஏறுச்சுன்னு வைங்க, குலுக்கற குலுக்குல பாப்பா காலைல தின்ன இட்லி மறுபடியும் மாவாயிரும். அதனால சித்த இருங்க.

இன்னொரு விசயமும் இருக்கு, ஒளிக்காம சொல்லிர்றேன். நீங்கதான் எனக்கு இன்னைக்கு போணி. காலைலேருந்து ஒரு சவாரி ஏறல. வழக்கமா ஆஸ்பத்திரிக்குப் போற அம்மா, டியூசனுக்குப் போற புள்ளைங்க, மேலக்கர நகர் சொசைட்டிக்குப் போறவரு, அத்தன பேரும் பாருங்க, அங்க கூட்டத்துல நிக்கிறாங்க. பஸ்ஸுல போறாங்களாம். மொத நாளு, டிக்கெட்டு கெடையாதாம். இன்னைக்கு ஒரு நாள் போனா போவட்டும்னு வைங்க. நாளைக்கு? நாளான்னைக்கு? இந்த முக்குல இனிமே ஆட்டோவுக்குக் கைகாட்ட ஆளு இருக்கா இல்லையான்னு தெரியறதுக்கு உங்க ரெண்டு பேர விட்டா எனக்கு யாரு இருக்கா, சொல்லுங்க?

சிரிக்காதீங்க… சரி, சிரிங்க. என் சம்சாரமே சிரிக்குது.

இருங்க, மொதல்லேருந்து வர்றேன். நடுவுல சொன்னா நான்தான் பைத்தியம்னு நெனச்சுருவீங்க. போன வருசம் நம்ம நகராட்சியில ஒரு குழு போட்டாங்க, ஊருக்குள்ள போக்குவரத்த நல்லா பண்றதுக்கு. சேர்மன் சாவித்திரி அம்மாதான் தலைவர். அப்பறம் இன்ஜினியர் பொண்ணு, பிரகதீஸ்வரின்னு பேரு, தஞ்சாவூருப் பொண்ணு. டிராபிக் எஸ்.ஐ. ஒருத்தரு, கடைக்காரங்க சங்கத்துலேருந்து ஒருத்தரு, பெண்கள் பள்ளிக்கூடத்து ஹெச்.எம். டீச்சர், ரிட்டயர்டு தாசில்தார் ஒருத்தரு. ஆட்டோக்காரங்க சார்பா ஒரு ஆளு வேணும்னாங்க. எங்க ஸ்டாண்டுல நெய்னா முகம்மதுதான் நல்லா பேசுவான். ஆனா அவன் என்ன சொன்னான்? 'மாப்ள, பேசத் தெரிஞ்சவன் போனா சண்ட வரும். நீ போ, உனக்குப் பேச்சு நிக்காது, ஆனா ஒண்ணும் வெளங்காது, ஒருத்தருக்கும் கோவம் வராது' அப்டின்னுட்டான். நானும் அத பெருமைன்னு நெனச்சு சட்டைய அயர்ன் பண்ணிப் போட்டுக்கிட்டு போனேன்.

மொதக் கூட்டம். அடேங்கப்பா! டீ, போண்டா, மேல ஃபேன் ஓடுது. ஆளாளுக்கு என்ன வேணும்னு கேட்டாங்க. ஹெச்.எம். டீச்சர் பள்ளிக்கூடத்து வாசல்ல வேகத்தடை வேணும்னாங்க. நல்லதுதான? தாசில்தாரு எந்திரிச்சு, 'எங்க வீட்டு வாசல்ல இருக்கற வேகத்தடைய எடுக்கணும், ராத்திரி லாரி ஏறி எறங்கறப்ப எல்லாம் நான் கட்டில்ல ஏறி எறங்கறேன்'னாரு. ஒடனே ஹெச்.எம். டீச்சர் என்ன சொன்னாங்க தெரியுமா? 'அதப் பேத்து எங்களுக்குக் குடுத்துருங்க, ரெண்டு வேலையும் முடிஞ்சிரும்'னாங்க. ஒரே சிரிப்பு! கடைக்காரரு, கடை வாசல்ல டூ வீலர் நிறுத்தக் கூடாதுன்னாரு. எஸ்.ஐ. கேட்டாரு, 'உங்க டூ வீலர் இப்ப எங்க நிக்கிது?' 'கடை வாசல்ல…' இப்பிடியே போவுது.

அப்பத்தான் அந்தப் பொண்ணு, இன்ஜினியரு, எல்லாத்தையும் நிறுத்திட்டு, 'பணம் எங்கேருந்து வரும்னு தெரியாம கேட்டுக்கிட்டே போனா எப்பிடி?' அப்டின்னு மேசை மேல இருந்த டீ டம்ளர மூணு எடுத்து வரிசையா வச்சுச்சு. 'இது நகராட்சியோட சொந்தப் பணம். வீட்டு வரி, தண்ணி வரின்னு வர்றது. குப்ப அள்ளவும் தெருவெளக்குக்குமே சரியாப் போயிருது. இது எம்.எல்.ஏ. தொகுதி நிதி. கேட்டு வாங்கலாம், ஆனா நமக்கு முன்னாடி நெறய ஊரு வரிசையில நிக்கிது. இது மூணாவது. மக்கள் ஒரு பங்கு போட்டா, கவர்மெண்டு ரெண்டு பங்கு போடும். சின்ன வேலைக்கு இதான் சீக்கிரம் நடக்கும்' அப்டின்னுச்சு. கண்ணாடி மாதிரி வெளங்கிருச்சு எனக்கு. தாசில்தாரு பேச்சு சுவாரசியத்துல நகராட்சிப் பணத்த எடுத்து ஒரே மடக்குல குடிச்சிட்டாரு. டீன்னு நெனச்சுதான்.

பாப்பா, அந்தக் கம்பிய முறுக்காத கண்ணு, அது மீட்டர்… ஓடாது, ஆனா இருக்கட்டும்.

எங்க விட்டேன்? ஆங். அந்தப் பொண்ணு எல்லாருக்கும் வீட்டுப்பாடம் குடுத்துச்சு. அவங்கவங்க இருக்கற பக்கத்துல, யாரு எங்கேருந்து எங்க போறாங்க, நடந்து போறாங்களா, வண்டியா, எங்க கஷ்டப்படறாங்கன்னு பாத்துட்டு வந்து சொல்லணும். நான் இந்த முக்குல தெனம் நிக்கிறவன்தான? பாத்தேன். மெயின் ரோட்டு ஸ்டாப்புல பஸ்ஸ விட்டு எறங்கி, அங்கேருந்து சாக்குப் பையத் தூக்கிக்கிட்டு, கொழந்தைய இடுப்புல வச்சிக்கிட்டு, வெயில்ல வேர்த்து வழிஞ்சு இந்த வழியா நடக்கறாங்க ஜனங்க. முத்துப்பேட்டை பக்கத்துலேருந்து மீன் கூடையோட வர்ற அம்மா இந்த முக்குல கூடைய எறக்கி வச்சு மூச்சு வாங்கும். அப்பறம் மறுபடி தலைல ஏத்தும். அப்பல்லாம் நான் கூப்புடுவேன், 'வாம்மா, ஆட்டோவுல போலாம்'னு. 'மீனு விக்கிறது ஒனக்கே சரியாப் போயிரும்'னு சொல்லிட்டு நடக்கும்.

அத அப்பிடியே போயி குழுவுல சொன்னேன். கொஞ்சம் கூட்டியும் சொன்னேன், பொய் சொல்வானேன்? 'எங்க முக்குல ஜனம் ஆறு மாதிரி போவுது, ஒதுங்க ஒரு எடம் இல்ல, ஏற ஒரு வண்டி இல்ல'ன்னேன். வெயில்ல நிக்கிற எங்களுக்குக் கூரையோட ஒரு ஆட்டோ ஸ்டாண்டு கேக்கறதுக்கு அதான அடி போடணும்? அந்தப் பொண்ணு சுவத்துல மாட்டிருந்த ஊரு மேப்புல, சரியா இந்த எடத்துல, செவப்பா ஒரு பொட்டு வச்சுச்சு. எல்லா முக்குக்கும் மஞ்சப் பொட்டுதான். நமக்கு மட்டும் செவப்பு! எனக்கு என்னா சந்தோசம்! வீட்டுக்கு வந்து சம்சாரத்துக்கிட்ட சொன்னேன், 'நம்ம முக்குக்கு செவப்புப் பொட்டு வச்சிட்டாங்க'ன்னு. அது, 'டெங்கு கிங்கா இருக்கப் போவுது, கொசுவத்தி வாங்கிட்டு வாங்க'ன்னுச்சு.

அடுத்தது வார்டு கூட்டம். அதுல மக்கள் ஒத்துக்கிட்டாதான் மேல போவும். அங்கதான் தங்கச்சி நான் ஒரு வேல பண்ணேன்.

அதுக்கு முன்னாடி ஒரு தடவ, ரொம்ப நாளைக்கு முன்னாடி, இதே மாதிரி ஒரு கூட்டத்துல நெய்னா எந்திரிச்சு 'ஆட்டோ ஸ்டாண்டு வேணும்'னு கேட்டான். அவ்வளவுதான்! 'மீட்டர் போட மாட்டேங்கறீங்க, ஸ்டாண்டு ஒரு கேடா?'ன்னு ஒருத்தரு. 'மழைல அவசரத்துக்குக் கூப்புட்டா டபுள் கேக்கறீங்க'ன்னு ஒருத்தரு. 'ஒங்க ஆட்டோ கண்ணாடி என் கையில இடிச்சிருச்சு'ன்னு ஒரு அம்மா கையோடவே வந்துருச்சு. நெய்னா அன்னைக்கு செருப்பக்கூட மாட்டாம ஓடியாந்தான். அதெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்குல்ல? அதனால நான் என்ன யோசிச்சேன்… 'ஆட்டோ நிறுத்தம்'னு சொன்னாதான சண்ட வரும்? முன்னாடி இருக்கற 'ஆட்டோ'வ முழுங்கிட்டு, வெறும் 'நிறுத்தம்'னு சொல்லிட்டா? பொய்யும் இல்ல, புரட்டும் இல்ல. கட்டி முடிச்சப்பறம் நம்ம வண்டிய வரிசையா நிறுத்திக்கிட்டா, யாரு வேணாங்கறது?

எப்பிடி? மூளை மூளை! அப்பிடித்தான் அன்னைக்கு நெனச்சேன்.

எந்திரிச்சேன். மைக்க வாங்கினேன். 'பெரியோர்களே, தாய்மார்களே! மேலத்தோப்பு முக்குக்கு ஒரு நிறுத்தம் வேணும். நிழலோட வேணும். ஒக்காந்துக்க ஒரு திட்டு வேணும். நீங்க இன்னும் எத்தன நாள் வெயில்ல வாடுவீங்க?' அப்டின்னு கேட்டேன். கேட்டதுதான், கூட்டமே கையத் தூக்குது! அந்தக் கண்ணாடி இடிச்ச அம்மா, அதே கையத் தூக்குது! 'திட்டு கொஞ்சம் பெருசா இருக்கட்டும்'னு ஒருத்தரு. போட்டுக்கலாம்னேன். 'சாயறதுக்கு முதுகு வேணும்.' வச்சிக்கலாம்னேன். 'ஒரு கண்ணாடி மாட்டுனா தல சீவிக்கலாம்'னு ஒரு காலேஜு பொண்ணு. மாட்டிருவோம்மான்னேன். நம்ம ஆட்டோவுல ஏற வர்ற ஜனத்துக்கு நம்ம மேல இவ்வளவு பாசமான்னு கேட்டதுக்கெல்லாம் சரி சரின்னுட்டேன் தங்கச்சி. நெய்னா கடைசியில நின்னுக்கிட்டிருந்தான். அவன் மொகம் மட்டும் ஒரு மாதிரி இருந்துச்சு. 'மாப்ள, இவங்க எத நெனச்சுக் கை தூக்குறாங்க?'ன்னான். 'நிறுத்தத்த நெனச்சுத்தான்'னேன்.

அப்பறம் மக்கள் பங்கு. யாரு மொதல்ல போடறது? நம்ம காரியம், நாமதான போடணும்? ஸ்டாண்டுல இருக்கற அத்தன பேருக்கிட்டயும் வாங்கி, கொண்டுபோயி கட்டிட்டு வந்தேன். ஆட்டோக்காரங்களே போட்டுட்டாங்கன்னதும் தெருவே போட்டுச்சு. கூத்தாநல்லூர்ல எங்க நெய்னாவோட மச்சான் ஒருத்தன், துபாயில இருக்கான், அவன் அங்கேருந்து அனுப்புனான். 'ஊருக்கு வந்தா நிழல்ல நிக்கலாம்ல' அப்டின்னானாம். ஹெச்.எம். டீச்சர் போட்டாங்க. தாசில்தாரு, வேகத்தடைய எடுத்தா போடறேன்னு சொல்லிட்டு, எடுக்கலைன்னதும் போட்டுட்டாரு, நல்ல மனுசன்.

அடுத்த குழுக் கூட்டம். என் வாயில போண்டா. அந்தப் பொண்ணு படிக்கிது: 'மேலத்தோப்பு முக்கு, நிறுத்தம். தேவை அதிகம், செவப்புப் பொட்டு. வார்டு கூட்டத்துல ஒருத்தரு எதிர்ப்பும் இல்ல. மக்கள் பங்கு முழுசா கட்டியாச்சு.' நான் போண்டாவோட தலய ஆட்டறேன். சாவித்திரி அம்மா கண்ணாடியக் கழட்டிட்டு சொல்றாங்க: 'நிறுத்தத்த மட்டும் கட்டி வச்சிட்டா போதுமா? பஸ் வர வேணாமா?'

போண்டா அப்பிடியே நின்னுருச்சு.

பஸ்ஸா? என்ன பஸ்ஸு? எந்த பஸ்ஸு? முழுங்கவும் முடியல, துப்பவும் முடியல. அதுக்குள்ள எஸ்.ஐ. 'அந்த ரூட்ல பஸ்ஸே கெடையாதுங்கம்மா'ங்கறாரு. இன்ஜினியர் பொண்ணு, 'பஸ் இல்லாத தெருவுக்குன்னே மினி பஸ் திட்டம் இருக்கு, இந்த ரூட்டு அதுக்கு அப்பிடியே பொருந்துது, நாம சிபாரிசு பண்ணி அனுப்பலாம்'ங்குது. நான் ஒரு வழியா போண்டாவ முழுங்கிட்டு எந்திரிச்சேன், 'அம்மா, நான் சொன்ன நிறுத்தம் வந்து…'

சாவித்திரி அம்மா என்னியப் பேச விடல. 'ஒக்காருங்க வைரக்கண்ணு. நீங்க என்ன சொல்ல வர்றீங்கன்னு எனக்குத் தெரியும்'னாங்க. எனக்கு உசுரே வந்துச்சு. அப்பாடா, தெரிஞ்சிருச்சுன்னு ஒக்காந்தேன். 'எல்லாரும் கேட்டுக்குங்க'ன்னு சொல்லிட்டு அவங்க சொல்றாங்க: 'பஸ்ஸு வந்தா இவருக்கு சவாரி கொறயும். அது தெரிஞ்சே, தன் பொழப்பப் பாக்காம, நடந்து போற ஜனத்த நெனச்சு, பஸ் நிறுத்தம் வேணும்னு மொதல்ல கேட்டவரு இவரு. மொதல்ல பணம் போட்டவங்களும் இவங்கதான். இந்த மனசு யாருக்கு வரும்?'

கைதட்டறாங்க தங்கச்சி! ஹெச்.எம். டீச்சர் கண்ணத் தொடச்சிக்கிறாங்க! கடைக்காரரு எந்திரிச்சு என் கையப் புடிச்சுக் குலுக்கறாரு. அந்த நேரத்துல 'நான் கேட்டது ஆட்டோ ஸ்டாண்டு'ன்னு எப்பிடி சொல்றது? நீங்களா இருந்தா சொல்லிருப்பீங்களா? கையெடுத்துக் கும்புட்டேன். இன்னொரு போண்டா வச்சாங்க. தின்னேன்.

சரி, சிபாரிசுதானன்னு மனசத் தேத்திக்கிட்டேன். குழுவே பஸ்ஸு விட முடியாதுல்ல? அது கலெக்டர் ஆபீசுக்குப் போயி, ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போயி, ரூட்டு போட்டு, யாராவது ஒரு முதலாளி பர்மிட்டு எடுத்து… அதுக்குள்ள என் மவளுக்குக் கல்யாணம் ஆயி பேரன் லைசென்ஸ் எடுத்துருவான்னு நெனச்சேன். கவர்மெண்டு காயிதம் மெதுவாத்தான போவும்? என் நேரம், இந்த ஒண்ணு மட்டும் ஓடியே போயிருக்கு!

நிறுத்தம் கட்டி முடிச்சாங்க. பஸ்ஸு வர்ற வரைக்கும் சும்மாதான கெடக்குதுன்னு, நாங்க வண்டிய உள்ள ஒட்டி நிறுத்திக்கலாம்னு வந்தா, உள்ள உளுந்து மூட்ட! என் மச்சினன் வேல. 'நல்ல சிமெண்டுத் தரை மாமா, எலி வராது'ங்கறான். அவனத் தொரத்திட்டு வண்டிய விட்டோம். அன்னைக்கு சாயங்காலமே எஸ்.ஐ. வந்துட்டாரு. 'வைரக்கண்ணு, பஸ் நிறுத்தத்துக்கு முன்னாடியும் பின்னாடியும் ஆட்டோ நிக்கக் கூடாது, ரூலு'ங்கறாரு. 'சார், நாங்க இத்தன வருசமா இங்கதான் நிக்கிறோம்'னேன். 'அப்ப பஸ் நிறுத்தம் இல்ல, இப்ப இருக்கு. கேட்டதே நீங்கதான?'ங்கறாரு. வண்டிய வெளிய எடுத்தோம். அதான் ஸ்டாண்டு இங்க வந்துருச்சு, டிரான்ஸ்பார்மர் பக்கத்துல. மேல பாருங்க, ஒரு எல உண்டா? கரண்டுக் கம்பி நிழல்லதான் நிக்கிறோம், அது நூலு மாதிரி விழுது. நெய்னா அதுல மூக்க மட்டும் வச்சிக்கிட்டு, 'ஜில்லுன்னு இருக்கு மாப்ள'ங்கறான்.

அதவிடக் கொடுமை ஒண்ணு இருக்கு. பாப்பாவுக்குப் படிக்கத் தெரியுமா? எந்த வகுப்பு?… ரெண்டாவது போவப் போறியா? அப்ப படி. அந்தா, தகரத்துக்குக் கீழ, மஞ்சப் பெயிண்டுல… மெதுவாப் படி… 'உ…ப…யம்.' ஆங்! 'மேலத்தோப்பு முக்கு… ஆட்டோ ஓட்டுநர்கள்.' நல்லாப் படிக்கிது தங்கச்சி, அஃப்ரீனா பேரு? நல்லா வருவா. பாத்தீங்களா? ஊர்ல டியூப் லைட்டு வாங்கிக் குடுத்தா வெளிச்சத்த மறச்சு உபயம்னு பேரு எழுதுவாங்க, நானும் கேலி பண்ணிருக்கேன். இப்ப எங்க பொழப்புல மண்ணு விழறதுக்கு நாங்களே உபயம்! அந்தப் பெயிண்டரு, 'ஓட்டுநர்கள்'னு எழுத எடம் பத்தலைங்க, சுருக்கட்டுமான்னு எங்கிட்டயே கேட்டான்.

மைக் டெஸ்ட் பண்றான் பாருங்க… வந்துட்டாங்க, சாவித்திரி அம்மா கார் வந்துருச்சு. இன்ஜினியர் பொண்ணும் வந்துருக்கு, கொடையப் புடிச்சுக்கிட்டு. நல்ல பொண்ணுதான், சொல்லக் கூடாது. முந்தாநாளு எங்கிட்ட வந்து, 'அண்ணே, பஸ்ஸு முக்குக்கு முக்குதான் நிக்கும், உள்தெருவுக்கெல்லாம் நொழையாது. பை மூட்டையோட எறங்கறவங்க உங்களத்தான் தேடுவாங்க'ன்னுச்சு. ஆறுதலுக்கு சொல்லுது. நானும் சரிம்மான்னேன். அது மொகத்தப் பாத்தா கோவிச்சுக்க வரல.

கொஞ்சம் குனிஞ்சுக்கறேன் தங்கச்சி, தப்பா நெனக்காதீங்க. கால்ல எறும்பு கடிக்கிது… சரி, எறும்பு இல்ல. அந்த மேடையிலேருந்து பாத்தா என் தல தெரியும். அதான். நீங்களும் அந்தத் துப்பட்டாவ இந்தப் பக்கம் கொஞ்சம் விரிச்சு விட்டீங்கன்னா மறைவா இருக்கும்.

ஏன் ஒளியறேனா? அத எப்பிடி சொல்றது… நேத்து ராத்திரி நகராட்சியிலேருந்து போன் வந்துச்சு. கொடி அசைக்கிறது சேர்மன் அம்மா இல்லையாம். நானாம்! நிறுத்தம் கேட்டவரு கையால பஸ்ஸ ஓட விடணுமாம். பொன்னாடை போர்த்துவாங்களாம். அப்பறம் பஸ்ஸுல மொத சீட்டுல என்னிய ஒக்கார வச்சு, மேலக்கர நகர் வரைக்கும் போயிட்டு வரணுமாம்! நீங்களே சொல்லுங்க, ஒரு ஆட்டோக்காரன் தோள்ல சால்வையப் போட்டுக்கிட்டு, தன் ஸ்டாண்டத் தாண்டி, பஸ்ஸு ஜன்னல்லேருந்து கையாட்டிக்கிட்டு போனா, டிரான்ஸ்பார்மர் கீழ நிக்கிற எங்க ஆளுங்க என்ன நெனப்பாங்க? அதான் காலைலேயே முடிவு பண்ணிட்டேன், சவாரி இருக்குன்னு சொல்லித் தப்பிச்சிக்கலாம்னு. ஆனா சவாரி வேணும்ல? ஒரு ஈ காக்கா ஏறல. அப்பத்தான் சாமி அனுப்புன மாதிரி நீங்க பாப்பாவோட வந்து, 'மேலக்கர நகர் போவணும், வர்றீங்களா'ன்னு கேட்டீங்க. எனக்கு எப்பிடி இருந்துருக்கும்! ரோடு அடச்சிருக்குன்னு அப்பவே தெரியும். இருந்தாலும், ஏறுங்க ஏறுங்கன்னு ஏத்திட்டேன். மன்னிச்சுக்குங்க.

ஐயையோ, கேட்டீங்களா? என் பேருதான். 'மேலத்தோப்பு முக்கு ஆட்டோ ஓட்டுநர், மனிதநேயர்…' மனிதநேயராம்ல! '…திரு வைரக்கண்ணு அவர்கள் எங்கிருந்தாலும் மேடைக்கு வரவும்.' எங்கிருந்தாலும்னா? சீட்டுக்கு அடியில இருக்கேன்.

வர்றான் பாருங்க நெய்னா. பல்லு அத்தனையும் தெரியுது. டேய், போடா, எனக்கு சவாரி இருக்கு! … என்னது? எல்லாரும் தேடறாங்களா? தேடட்டும். … நீ சொன்னியா? நான் இங்க இருக்கேன்னு நீயே சொன்னியா? துரோகி! … ஸ்டாண்டுல ஒருத்தனும் ஒண்ணும் நெனக்க மாட்டானா? நீங்க எல்லாரும் சேந்துதான் மால வாங்கி வச்சிருக்கீங்களா? எவன் காசுலடா? … சரி சரி, தள்ளி நில்லு, தங்கச்சி பயந்துரப் போவுது.

பாத்தீங்களா தங்கச்சி, கூட இருக்கறவனே மால வாங்கிட்டான். ஆனா ஏறுன சவாரிய எறக்கி விட்டுட்டுப் போறது தொழிலுக்கு அழகில்ல. அதுவும் போணி. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க, வண்டிய அப்பிடியே திருப்பி, வாய்க்கா கரையில உளுந்து மேலயே ஏத்தி, சாச்சி வீட்டு வாசல்ல எறக்கிட்டு வர்றேன். மைக்குல அவங்க கத்திக்கிட்டே இருக்கட்டும். நீங்க ஆட்டோதான்னு சொன்னா, எனக்கும் இந்த முக்குல இன்னும் பொழப்பு இருக்குன்னு ஆவும். என்ன?

பாப்பாவக் கேக்கணுமா? அதுவும் சரிதான். போறது அது சாச்சி வீட்டுக்குத்தான? கேப்போம். டேய் நெய்னா, சாட்சிக்கு நீ நில்லு. பாப்பா ஆட்டோன்னு சொன்னா நான் கெளம்பிருவேன், நீ போயி எனக்கு வயித்து வலின்னு சொல்லணும். பஸ்ஸுன்னு சொன்னா, நான் போயி பேசாம சால்வையப் போட்டுக்கறேன், இவங்க ரெண்டு பேரையும் என் பக்கத்து சீட்டுல ஒக்கார வச்சுக் கூட்டிட்டும் போறேன். சரியா? பேச்சு மாறக் கூடாது.

அஃப்ரீன் கண்ணு, இங்க பாரு. மாமா மொகத்தப் பாரு. ஆட்டோன்னா ஹாரன நீயே அடிக்கலாம், வழி நெடுக அடிக்கலாம், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. காத்து நல்லா வரும். வாய்க்கால்ல கொக்கு நிக்கும், காட்டறேன். பஸ்ஸுல என்ன இருக்கு? ஒரே கூட்டம், வேர்வ, ஜன்னல் சீட்டு… சரி, ஜன்னல் சீட்டு இருக்கும். பலூன் கட்டிருக்காங்க, அதுவும் சாயங்காலத்துக்குள்ள வெடிச்சிரும். நல்லா யோசிச்சு சொல்லு. அம்மாவப் பாக்காத, என்னப் பாரு. நெய்னா, நீ அங்கேருந்து கண்ணடிக்காத! ம்… சொல்லு கண்ணு. ஆட்டோவா, பஸ்ஸா?

என்ன? சத்தமா சொல்லு, மைக்கு எரைச்சல்ல கேக்கல…

பஸ்ஸாம்.